கூனும் குறளும்: ஏவலர் பற்றிய இலக்கணமும் இலக்கியமும்

அகத்திணை ஆய்வுகளில் தோழியைப் பற்றி எழுதப்பட்டவை மிகப் பல. செவிலியைப் பற்றியும் குறைவின்றி எழுதப்பட்டுள்ளது. ஆனால் ஏவலர் என்னும் நிலையிலேயே நின்று, அந்நிலையிலேயே காதலிக்கவும் நாணவும் சினக்கவும் செய்யும் மாந்தரைப் பற்றித் தமிழாய்வு பெரிதும் பேசியதில்லை. பணியாளர் வருமிடங்களை வாயில்கள், தூது, பரிசனம் ஆகிய தலைப்புகளின்கீழ்த் தொகுத்துவிட்டு நகர்வதே வழக்கமாக இருந்து வருகிறது. இத்தகைய தொகுப்பில் ஏவலரின் செயல் பதிவாகிறது, ஏவலர் பதிவாவதில்லை. தமிழ் இலக்கியத்தில் மீண்டும் மீண்டும் தோன்றும் ஓர் இணையை, அரண்மனைக் கூனையும் குறளையும், முன்வைத்து இச்சிக்கலை அணுகுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கணத்தின் வரையறை

தொல்காப்பிய அகத்திணையியல் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குத் தலைமக்களாக ஏற்பதில்லை. ஐந்திணைக்குப் புறத்தவாகிய கைக்கிளையிலும் பெருந்திணையிலும் அவர்களைப் பாடுதற்குத் தடையில்லை என்று மட்டும் கூறுகிறது. விலக்கு எனவும் இசைவு எனவும் ஒருசேரக் கொள்ளத்தக்க நூற்பா இது. நூற்பா காரணம் கூறவில்லை. காரணம் கூறும் பொறுப்பை இளம்பூரணர் ஏற்றுக்கொள்கிறார்.

அவர் காட்டும் காரணங்கள் நான்கு. பிறர்க்குக் குற்றேவல் செய்வார் அறம், பொருள், இன்பம் ஆகியவற்றின் வழுவாது ஒழுகுதல் அரிது என்பது முதலாவது. அவர்கள் நாணில் குறைபாடுடையர் என்பது இரண்டாவது. குறிப்பறியாது வேட்கையின் வழியே செல்வர் என்பது மூன்றாவது. இன்பத்தை இனிது நடத்துவோர் பிறர் ஏவல் செய்யாதவரே என்பது நான்காவது. இவை நான்கும் ஒரே தன்மையின அல்ல என்பது ஊன்றிக் கவனிக்கத்தக்கது. முதலாவதும் நான்காவதும் ஏவலரின் நிலைமையைக் கூறுகின்றன. நேரம் தமதன்று, இடம் தமதன்று, அழைத்தால் சென்றாக வேண்டும். இந்நிலையில் களவோ கற்போ முறையாக நிகழ்வது அரிது என்பதில் உண்மை உண்டு; ஒரு வகையில் அது ஏவல் முறைமீதே வைக்கப்பட்ட குற்றச்சாட்டாகவும் படிக்கத்தக்கது. இரண்டாவதும் மூன்றாவதும் அவ்வாறல்ல. அவை ஏவலரின் உள்ளத்தைப் பற்றிய தீர்ப்புகள். நிலைமையிலிருந்து இயல்புக்கு, செய்ய இயலாமையிலிருந்து உணர இயலாமைக்கு, உரையாசிரியர் ஒரே தொடரில் கடந்துவிடுகிறார்.

இக்கடப்பு சரியானதா என்பதைச் சோதித்துப் பார்க்க ஒரு பாடல் உள்ளது. அது தொகை நூலுக்குள்ளேயே, மருதக்கலியின் நடுவே அமைந்துள்ளது.

கலித்தொகையின் 94ஆம் பாடல்

சி.வை.தாமோதரம் பிள்ளை 1887இல் நச்சினார்க்கினியர் உரையுடன் கலித்தொகையைப் பதிப்பித்த நாள் தொட்டு இப்பாடல் தமிழறிஞர்க்கு அறிமுகமானதே. அரண்மனையில் பணிபுரியும் குறளன் ஒருவன், அதே அரண்மனையில் பணிபுரியும் கூனி ஒருத்தியை வழிமறித்துப் பேசுகிறான். அவள் அவனை இழித்துரைக்கிறாள். அவன் இரக்கிறான், கூடவே அவளுடைய கூனைக் கேலியும் செய்கிறான். வாதம் வளர்ந்து, இறுதியில் இருவரும் உடன்படுகின்றனர். நச்சினார்க்கினியர் இதனை மேற்கூறிய நூற்பாவின்படி அடியோர்க்குரிய பெருந்திணையாக அமைத்துக் காட்டுகிறார். பின்வந்த வரலாற்று நூல்களும் பாடநூல்களும் இதனை நகைச்சுவைக்குச் சான்றாக எடுத்துக்காட்டி அமைந்துவிட்டன.

நகைச்சுவை உண்டு, மறுப்பதற்கில்லை. அவன் அவள் கண்ணுக்குச் செங்குத்தாக நிறுத்திய சூதாட்டப் பலகையாகவும், பின்னங்காலில் எழுந்து நின்று இரு கைகளையும் வீசி நடக்கும் ஆமையாகவும் தோன்றுகிறான். அவளை முன்புறமாகத் தழுவினால் நெஞ்சில் முட்டும், பின்புறமாகத் தழுவினால் கூன் கூச்சம் தரும், ஆகவே பக்கவாட்டில் சிறிது தழுவ அருளுக என்று அவன் வேண்டுமிடத்தில் சிரிக்காதவர் அரியர். ஆயினும் பாடல் யாரைச் சிரிக்கச் சொல்கிறது, எதுவரை சிரிக்கச் சொல்கிறது என்னும் வினாக்களை எழுப்பாமல் நகைச்சுவை என்று பெயரிட்டு நிறுத்துவது பாடலின் பாதியைப் படித்ததேயாகும்.

பாடலின் திருப்புமுனை அதன் இறுதிப் பகுதியில் உள்ளது. இனி ஒருவரை ஒருவர் எள்ளி நகைப்பதை விட்டுவிடுவோம், நமக்குள் கலந்து பேசுவோம் என்னும் உடன்படிக்கை அரசனின் அடிதொட்டு ஆணையிட்டு முன்வைக்கப்படுகிறது. அதுவரை அவள் வாயில் அவன் அரைமனிதன். ஆணைக்குப் பின்னர் அவன் மெல்லிய மார்பினன், பொற்றகடு போன்ற வடிவினன். உடல் மாறவில்லை, அதை நோக்கும் மொழி மாறிவிட்டது. அதுகாறும் இருவரும் ஒருவர்மீது ஒருவர் எறிந்த உவமைகள் அரண்மனை அவர்கள்மீது எறிந்து பழகிய சொற்களாகவே இருந்திருக்க வேண்டும் என்று கருதத் தோன்றுகிறது. பிறர் கண்ணால் தம்மைப் பார்த்துப் பழகிய இருவர் அக்கண்ணைக் கழற்றி வைக்கும் தருணம் அது.

அதன் பின்னர் அவள் கூறுவதே இப்பாடலின் உயிர்நிலை. இரண்டு பேய்கள் ஒன்றோடொன்று துள்ளுகின்றன என்று அரண்மனையில் உள்ளோர் கண்டு சிரிக்கக்கூடும். அது நேராதிருக்க வேண்டும். ஆதலால் சோலையின் பக்கம் வருக என்கிறாள். இளம்பூரணர் இல்லை என்று கூறிய நாண் இங்கே உள்ளது. அது தலைவியின் நாண் போன்றதன்று என்பது உண்மை. தலைவி அலருக்கு அஞ்சுகிறாள். அலர் அவளது ஒழுக்கத்தைப் பேசும். கூனி நகைப்புக்கு அஞ்சுகிறாள். நகைப்பு அவளது காதல் காதல்தானா என்பதையே ஐயுறும். அலர் தூற்றப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. அத்தகுதி வழங்கப்படாதவளின் நாண் இதைவிடக் கூர்மையானது என்றே கூற வேண்டும். மூன்றாவது காரணமாகிய குறிப்பறியாமையும் இப்பாடலில் நிலைபெறவில்லை. அவன் பேச்சின் உட்கோளை அவள் உடனடியாக உணர்ந்து, அக்குறிப்பையே சுட்டி எள்ளுகிறாள். உரையாசிரியரின் முதலாம், நான்காம் காரணங்களைப் பாடல் மெய்ப்பிக்கிறது. இரண்டாம், மூன்றாம் காரணங்களைப் பொய்ப்பிக்கிறது. நிலைமையைக் கூறியவை நின்றன. இயல்பைக் கூறியவை நிற்கவில்லை.

இன்னுமொன்று சுட்டத்தக்கது. தழுவலுக்கு அவள் தரும் உவமை, அவையத்தார் தம் ஓலையின் முகப்பில் கட்டி இலச்சினையிடும் காப்பு. மலையும் கடலும் முல்லையும் நெய்தலும் அவளுக்கு உவமையாகவில்லை. அரண்மனையின் அன்றாட அலுவலிலிருந்தே உவமை வருகிறது. ஆணையும் அரசன் அடியைத் தொட்டே இடப்படுகிறது. தமக்கென நிலமும் திணையும் அற்றவர்க்கு அரண்மனையே நிலம். அதன் கருப்பொருள்களே அவர்களது உவமைகள். ஐந்திணைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்க்கு முதலும் கருவும் எங்கிருந்து கிடைக்கும் என்பதைப் புலவர் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

அரண்மனைகள் ஏன் கூனையும் குறளையும் திரட்டின?

இது தமிழகத்திற்கு மட்டும் உரிய வழக்கமன்று. கௌடலியரின் அர்த்தசாத்திரம், பெரியோரின் இல்லங்களுக்குள் நிகழ்வதை அறிந்துவர அமர்த்தத்தக்க ஒற்றர்களைக் கூறுமிடத்தில் கூனர், குறளர், ஊமையர், செவிடர், குருடர் ஆகியோரின் வேடத்தைக் குறிப்பிடுகிறது. இத்தகையோர் உள்ளறைகளில் இருப்பது எவர்க்கும் ஐயம் தராது என்பதே அதன் அடிப்படை. அஜந்தாவின் 17ஆம் குகையில் கண்ணாடி நோக்கி ஒப்பனை செய்துகொள்ளும் அரசமகளின் அருகே குறுவடிவ ஏவலர் தீட்டப்பட்டிருப்பதும் இவ்வழக்கத்தின் கலைச்சான்றாகும். நெடிய, ஒசிந்த தலைமை உருவத்தின் அழகை அருகில் நிற்கும் குறுகிய உருவம் மிகுத்துக்காட்டுகிறது. ஓவியனுக்கு அந்த ஏவலரால் உள்ள பயன் அளவுகோலின் பயனே.

சிலப்பதிகாரத்திலும் இவ்விருவகைப் பயன்களும் உள. வழக்குரை காதையில் தீக்கனாக் கண்ட கோப்பெருந்தேவி பாண்டியனிடம் செல்லும்போது அவளைச் சூழ்ந்து செல்வோருள் கூனரும் குறளரும் ஊமையரும் இடம்பெறுகின்றனர். பேரரசியின் பெருமைக்கு அணியாகவே அவர்கள் எண்ணப்படுகின்றனர். சிறிது நேரத்தில் அரசன் வீழ்கிறான், அரசியும் உயிர்விடுகிறாள். அவளைச் சூழ்ந்து வந்த அந்தச் சிறுதொழில் மாந்தர் என்ன ஆயினர் என்று காப்பியம் கூறவில்லை. அடியார்க்கு நல்லார் உரை ஊர்சூழ்வரியோடு நின்றுவிட்டதால், இவ்விடத்தில் அவர் எதையேனும் கண்டு எழுதியிருப்பாரா என்பதை எண்ணிப் பார்க்கும் வாய்ப்பும் இல்லாமற் போயிற்று.

மாலை விற்ற கூனி

சிலம்பில் முன்னதாகவே ஒரு கூனி தோன்றிவிடுகிறாள். அரங்கேற்று காதையில் மாதவி பெற்ற மாலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பெறும் என்றும், அதனை வாங்குவோன் அவளுக்கு உரியவனாவான் என்றும் அறிவிக்கப்படுகிறது. மாலையைக் கையிலேந்தி நகரத்து இளைஞர் உலவும் தெருவில் விற்பவள்போல் நிறுத்தப்படுபவள் ஒரு கூனி. கோவலன் அவளிடம் மாலையை வாங்குகிறான். அவளுடனேயே மாதவியின் மனை புகுகிறான். காப்பியத்தின் முழுத் துயரமும் இந்த வாணிகத்திலிருந்து தொடங்குகிறது. கண்ணகியின் வீட்டிலிருந்து மாதவியின் வீட்டிற்குக் கோவலன் நடந்த தெருவில் அவனுக்கு வழிகாட்டியாக நடந்தவள் பெயரற்ற ஒரு பணிப்பெண். அவளுக்கு அடிகள் மான்போலும் நோக்கினை அடைமொழியாகத் தந்திருப்பது வியப்புக்குரியது. கலித்தொகைப் புலவரைப்போல இங்கும் ஒரு கணம் அந்த உடலைப் பிறர் பாராத கண்கொண்டு பார்த்திருக்கிறார்கள். அக்கணம் கடந்ததும் அவள் காப்பியத்திலிருந்து மறைந்துவிடுகிறாள்.

வயந்தமாலைக்குப் பெயர் உண்டு. ஆனால் அவளுடைய பணி ஓலை சுமப்பது, வசை கேட்பது ஆகிய இரண்டே. வேனிற்காதையில் மாதவியின் முடங்கலைக் கோவலன் ஏற்க மறுத்து, மாதவியின் அன்பு முழுவதையும் எண்வகை வரிக்கூத்துகளாக வகுத்துப் பழிக்கிறான். மாதவி பணிப்பெண்ணின் கோலம் பூண்டு தனித்து வந்ததையும் அவற்றுள் ஒன்றாக எண்ணுகிறான். இச்சொற்களைக் கேட்டு நிற்பவள் உண்மையான ஒரு பணிப்பெண். தலைவிக்குக் கூத்தாகும் கோலம் இவளுக்கு வாழ்க்கை. கோவலன் இதனை உணரவில்லை. அடிகள் உணர்ந்தே இவ்வுரையாடலை அமைத்தார் என்று துணிந்து கூற இயலாது. எனினும் கூற்றும் கேட்போரும் இவ்வாறு எதிரெதிர் நிறுத்தப்பட்டிருப்பது படிப்போர்க்குப் புலப்படாமற் போவதில்லை.

வாழ்த்துக் காதையில் ஏவலரின் குரல்

தோழி செவிலியின் மகள் என்பது தொல்காப்பியக் களவியல் தரும் செய்தி. ஏவல் தாய்வழி மரபுரிமையாக வருகிறது என்பதே இதன் சமூகப் பொருள். அகப்பாடலின் தோழி அறிவும் சொல்வன்மையும் மிக்கவளாக உயர்த்தப்பட்டிருப்பதால் இவ்வுண்மை மறைந்துவிடுகிறது. தோழி தன் தலைவிக்காகக் களவை நடத்துகிறாள், காக்கிறாள், அறத்தொடு நிற்கிறாள். தோழிக்கென ஒரு களவைப் பாடும் மரபு அகத்திணைக்கு இல்லை. அவளது உயர்வு இந்த இன்மையின்மீதே கட்டப்பட்டிருக்கிறது.

மறைந்துகிடக்கும் இவ்வுண்மை சிலப்பதிகாரத்தின் இறுதியில் வெளிப்படுகிறது. கண்ணகி, கோவலன் ஆகியோர் முடிவை அறிந்து தேவந்தியும் காவற்பெண்டும் அடித்தோழியும் புகாரிலிருந்து புறப்பட்டு மதுரை செல்கின்றனர். மாதரி உயிர்விட்டதை அறிந்து, அவள் மகள் ஐயையையும் உடன்கொண்டு சேரநாடு அடைகின்றனர். அந்த ஐயை, முன்பு மாதரியால் கண்ணகிக்குப் பணிமகளாக ஒப்படைக்கப்பட்டவள் என்பது நினைவுகூரத்தக்கது. கண்ணகி நடந்த வழியைக் கண்ணகிக்குப் பணிசெய்தோர் மீண்டும் நடக்கின்றனர். பெற்ற தாயர் இருவரும் மாண்டுபோன நிலையில், செங்குட்டுவன் முன்னிலையில் கண்ணகியை உறவு சொல்லி அழும் உரிமை இவர்களுக்கே எஞ்சுகிறது.

அவ்விடத்தில் அடித்தோழி தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. கண்ணகி கணவன்பின் சென்றபோது தன்னைப் பெற்றவளிடமும் ஒரு சொல் கூறவில்லை, தன்னை வளர்த்தவளும் இவளைப் பெற்றவளுமான செவிலியிடமும் கூறவில்லை, இவளிடமும் கூறவில்லை. அத்தகையவளின் தோழி நான் என்கிறாள் அவள். இதனைக் கற்பின் புகழ்ச்சியாகவே உரைகள் கொள்கின்றன. புகழ்ச்சி உள்ளது, அதனுள் ஒரு குறையும் உள்ளது. விடியலில் கோவலனும் கண்ணகியும் புறப்பட்ட அந்த மனையில் செவிலியும் அவள் மகளும் இருந்தனர். அவர்களிடம் ஒரு சொல் கூறப்பட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்னும் வினாவைத் தேவந்தியோ செங்குட்டுவனோ எழுப்பவில்லை. பெற்றவள், வளர்த்தவள், தான் என்று மூவரையும் ஒரே நிரலில் வைக்கும் துணிவு அடித்தோழியின் கூற்றில்தான் உள்ளது. பெற்ற தாய்க்கு உரிய அதே உரிமையைத் தன் தாய்க்கும் தனக்கும் அவள் கோருகிறாள். காப்பியம் நெடுகிலும் ஏவலர் வாயில் வந்த கூற்றுகளுள் பிறர் செய்தியைச் சுமக்காமல் தன் செய்தியைக் கூறும் கூற்று இது.

மந்தரையின் நினைவு

கூனியர் வரிசையில் மிகுந்த பழியைச் சுமப்பவள் மந்தரை. வான்மீகத்தில் அவள் கைகேயியின் பிறந்தகத்திலிருந்து வந்த அடிமைப்பெண். அவளது பிறப்பிடம்கூடத் தெளிவாகக் கூறப்படவில்லை. தமிழ் மரபு அவளுக்குக் கூடுதலாக ஒன்றை அளித்தது. இளமையில் இராமன் உண்டைவில்லால் அவள் கூனைத் தெறித்து விளையாடினான் என்னும் செய்தி திருமழிசையாழ்வாரிடத்தும் நம்மாழ்வாரிடத்தும் காணப்படுகிறது. ஆழ்வார்க்கு அது இறைவனின் விளையாட்டு. கம்பர் அதே நிகழ்ச்சியை மந்தரையின் உள்ளத்துக்குள் எடுத்துச் சென்று, அவள் நினைத்துப் பார்க்கும் பழைய காயமாக மாற்றிவிடுகிறார். பக்தியின் ஒரு படிமம் ஏவற்பெண்ணின் நினைவாக மாறிய இந்த இடப்பெயர்ச்சி கம்பரின் பெருமைக்குரிய நுட்பங்களுள் ஒன்று. அரண்மனைச் சிறுவன் மறந்துபோன விளையாட்டை, அடிபட்டவள் மறக்கவில்லை.

ஆயினும் கம்பர் அக்காரணத்தை இறுதிவரை நிலைநிறுத்தவில்லை. கைகேயியின் மனம் திரிந்ததற்குத் தேவர்களின் மாயையையும் அரக்கர் செய்த பாவத்தையும் காரணமாக்குகிறார். கைகேயியைக் காக்கும் இவ்வமைதி மந்தரையிடமிருந்து அவளது செயலையே பறித்துக்கொள்கிறது. பழி மட்டும் அவளுக்கு எஞ்சுகிறது. வான்மீகத்தில் சத்துருக்கன் மந்தரையைத் தரையில் இழுத்துத் துன்புறுத்தும்போது பரதன் தடுக்கிறான். அவளைக் கொன்றது தெரிந்தால் இராமன் தங்களோடு பேசமாட்டான் என்பதே அவன் கூறும் காரணம். மந்தரையின் உயிர்கூட இராமனின் மனநிலையை முன்னிட்டே காக்கப்படுகிறது.

பெயரிடும் முறை

இக்காலப் புனைகதைக்கு வரும்போது அரண்மனை இல்லை, ஏவல் தொடர்கிறது. தி.ஜானகிராமனின் சிலிர்ப்பு என்னும் சிறுகதையில் வீட்டுவேலைக்காகக் கல்கத்தா செல்லும் சிறுமிக்குக் காமாட்சி என்று பெயர் உண்டு. உடன் பயணம் செய்யும் சிறுவன் தன் ஆரஞ்சுப் பழத்தை அவளுக்குக் கொடுத்துவிடுகிறான். கதையின் ஒளி அச்சிறுவன்மீதும் அதனைக் கண்டு நெகிழும் தந்தைமீதும் விழுகிறது. சிறுமி அவ்வொளிக்குக் காரணமாகிறாள். மிகச் சிறந்த கதை என்பதில் ஐயமில்லை. எனினும் நெகிழ்பவரின் கண்ணே கதையின் கண்ணாக உள்ளது.

2000இல் வெளிவந்த பெருமாள்முருகனின் கூளமாதாரி இக்கண்ணை மாற்றுகிறது. கவுண்டர்களின் பண்ணைகளில் ஆண்டுக்கூலிக்கு விடப்பட்ட மாதாரிச் சிறுவர் சிறுமியரின் உலகமே அந்நாவலின் முழுக்களம். அச்சிறார் பெயர்களைச் சற்று நின்று நோக்க வேண்டும்: கூளையன், நெடும்பன், வவுறி, செவுடி, மொண்டி. குட்டை, நெட்டை, வயிறு, செவிட்டுத்தன்மை, முடம் என ஒவ்வொரு பெயரும் உடலின் ஒரு குறியிலிருந்து பிறந்தது. கோப்பெருந்தேவியைச் சூழ்ந்து சென்ற கூனும் குறளும் ஊமும் இவர்களுக்கு முன்னோர். ஏவலரை உடற்குறியால் அழைக்கும் வழக்கம் காப்பியத்தின் அந்தப்புரத்திலிருந்து கொங்கு நாட்டு ஆட்டுப்பட்டி வரை இடையறாது வந்திருக்கிறது.

வேறுபாடு அப்பெயர்கள் ஒலிக்கும் இடத்தில் உள்ளது. பண்ணையார் வாயில் கூளையன் என்பது ஏவல் சொல், வசைச் சொல். மேய்ச்சல் காட்டில் மற்றச் சிறார் அதே பெயரால் அவனை அழைக்கும்போது அது விளையாட்டுத் தோழனின் பெயராகிவிடுகிறது. ஆடுகளும் பனைகளும் கிணறும் சூழ்ந்த அந்த மேய்ச்சல் வெளி, கலித்தொகைக் கூனி குறளனை அழைத்துச்சென்ற சோலைக்கு நிகரானது. அங்கும் பார்த்துச் சிரிப்போர் எவரும் இல்லை. ஆனால் கூனியும் குறளனும் சோலைக்குள் சென்ற பின்னர் கலிப்பாடல் நின்றுவிடுகிறது. பெருமாள்முருகனின் நாவல் அவ்வெளியிலேயே தொடங்கி, பொழுது சாய்ந்து ஆடுகளைப் பட்டிக்கு ஓட்டிச் செல்ல வேண்டிய நேரம் வரை அங்கேயே இருக்கிறது.